சாட்ஜிபிடி தரும் தீர்ப்புகளை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் போடும் மனுவில் அப்படியே காட்டலாமா?

கூடாது. இல்லாத தீர்ப்பை இருப்பதுபோல ஏஐ எடுத்துக்கொடுப்பது உண்டு. வழக்கின் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் அச்சு அசலாக இருக்கும், தீர்ப்புதான் இருக்காது. காரணம், அது சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துச் சொல்வதில்லை. அடுத்து எந்தச் சொல் பொருந்தும் என்று கணித்துக் கோக்கிறது. மாட்டுத்தாவணியில் தேனி பஸ்ஸுக்கு வழி கேட்டால், ஆரப்பாளையம் போங்கள் என்று சொல்லத் தெரியாமல் ஏதோ ஒரு பக்கம் கையைக் காட்டுகிறவர் மாதிரி.

2023-ல் நியூயார்க்கில் சாட்ஜிபிடி தந்த ஆறு பொய்த் தீர்ப்புகளைக் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. உங்கள் கட்சிக்காரரின் நிலமோ வேலையோ நீங்கள் போடும் மனுவில் தொங்குகிறது. ஒவ்வொரு தீர்ப்பையும் நீதிமன்றத் தளத்தில் திறந்து முழுதாகப் படியுங்கள்.

“இது உண்மையா?” என்று சாட்ஜிபிடியிடமே கேட்டால் சரிபார்த்தாயிற்று என்று பலர் நினைக்கிறார்கள், அந்த நியூயார்க் வழக்கறிஞர்களில் ஒருவரும் கேட்டார், உண்மைதான் என்றே அது சொன்னது.