மூலையில் நிற்கும் 411, புதிதாக வந்த 450: எதை எடுப்பது?

வணக்கம் சார்,

எனக்கு வீடு தண்டையார்பேட்டை, வேலை மணலியில். தினமும் போக வர 22 கி.மீ. வருடத்துக்கு இரண்டு முறை நானும் மனைவியும் வண்டியிலேயே வெளியூர் போவோம். ஒரு பயணம் சுமாராக 1,200 கி.மீ. வரும். எங்கள் இருவர் எடையும் சேர்த்து 135 கிலோ. என் உயரம் 5 அடி 4 அங்குலம்.

ஒரு ஷோரூமில் ராயல் என்ஃபீல்டின் பழைய ஹிமாலயன் 411 ஒன்று விற்காமல் நிற்கிறது. 2023 ஜூலை தயாரிப்பு, பதிவு ஆகாதது. ஷோரூம் விலை 2,16,000. எல்லாம் சேர்த்து 2,64,000 ஆகவேண்டியதை 2,30,000-க்குத் தருகிறார்கள். புது ஹிமாலயன் 450 எல்லாம் சேர்த்து 3,45,000. அதாவது 1,15,000 மிச்சம் என்கிறார் விற்பனையாளர். நிறுத்திவிட்ட மாடலை எடுக்கலாமா? திருவொற்றியூரிலேயே கம்பெனி இருக்கிறது, உதிரிபாகத்துக்குக் கவலை இல்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஆடி வரை பொறுத்தால் விலை இன்னும் குறையுமா? புதியதில் டியூப்லெஸ் டயர் என்பது உண்மையா?

ஒரு வாசகர், தண்டையார்பேட்டை
ஜூன் 2024

அன்புள்ள நண்பருக்கு,

அந்த 1,15,000-ஐ முதலில் பிரித்துப் பார்த்துவிடுவோம். 411-இன் முழு விலைக்கும் 450-இன் முழு விலைக்கும் தள்ளுபடி இல்லாமலேயே 81,000 வித்தியாசம் உண்டு. அது இரண்டு வேறு வண்டிகளுக்கு இடையில் உள்ள வித்தியாசம், யாரும் உங்களுக்கு விட்டுக்கொடுத்தது இல்லை. வண்டி ஒரு வருடமாக நிற்கிறது என்பதற்காகக் குறைத்திருப்பது 34,000 மட்டுமே. அந்த 34,000 நியாயமான தொகைதானா என்று பார்ப்போம்.

காப்பீட்டில் ஐ.டி.வி., அதாவது வண்டியின் காப்பீட்டு மதிப்பு, போடுவதற்கு ஒரு தேய்மான அட்டவணை இருக்கிறது. வண்டியின் வயது ஆறு மாதத்துக்குள் என்றால் 5 சதவீதம் கழிப்பார்கள். ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை 15, ஒன்றிலிருந்து இரண்டு வருடம் வரை 20, அடுத்த வருடம் 30. நாளைக்கு நீங்கள் விற்கப் போகும்போது வாங்குகிறவர் ஆர்.சி.யில் தயாரிப்பு மாதத்தைத்தான் முதலில் பார்ப்பார், அதனால் இந்த அட்டவணையை வைத்தே கணக்குப் போடலாம். இன்று புதிதாக வந்திறங்கிய வண்டிக்கு 5 சதவீதம், உங்கள் 411-க்கு 15. இடையில் உள்ள 10 சதவீதம், 2,16,000-க்கு 21,600 ரூபாய். ஒரு வருடம் நின்ற வண்டியைச் சாலைக்குத் தயார் செய்ய என் மதிப்பில் ஒரு 8,000 ஆகும்: பேட்டரி, ஆயிலும் ஃபில்டரும், பிரேக் ஆயில், பால்ரேஸ் (ஹேண்டில்பார் திரும்பும் இடத்து பேரிங்) கழற்றிக் கிரீஸ் வைப்பது, டேங்கைக் காலி செய்வது. இரண்டும் சேர்ந்தால் 29,600. ஆக 34,000 தள்ளுபடியில் உங்கள் கையில் உண்மையாக நிற்பது 4,400 ரூபாய். பத்து வருடம் வைத்து ஓட்டப் போகிறீர்கள் என்றால் மறுவிற்பனை விலை உங்களைப் பாதிக்காது, அந்த 21,600-உம் லாபக் கணக்கில் சேரும். எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள் என்பதை நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும்.

பேரம் பேசும்போது குறைப்பு பில்லிலேயே தெரியவேண்டும் என்று கேளுங்கள். கிராஷ் கார்டு, பை, ஹெல்மெட் என்று பொருளாகக் கொடுத்து 34,000 என்று கணக்குக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆயுள் வரி ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இரு சக்கர வண்டிக்கு 12 சதவீதம். மூன்றாம் நபர் காப்பீடு ஐந்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்டவேண்டும், 350 சி.சி.க்கு மேல் என்றால் வரி நீங்கலாக 15,117. இரண்டு வண்டிக்கும் இந்த விகிதங்கள் ஒன்றுதான், இதில் பழையதற்குச் சலுகை எதுவும் கிடையாது.

இனி வண்டிகளைப் பார்ப்போம். 411 எஞ்சின் காற்றாலும் ஆயிலாலும் குளிர்வது. 24.3 குதிரைத்திறன், ஐந்து கியர். இழுவை 32 நியூட்டன் மீட்டர், அது நிமிடத்துக்கு 4,000 முதல் 4,500 சுற்றுக்குள் முழுதாக வந்துவிடும். 450-இல் 40 குதிரைத்திறன், 40 நியூட்டன் மீட்டர், ஆறு கியர், ரேடியேட்டர். ஆனால் அந்த இழுவை 5,500 சுற்றில்தான் உச்சம், திறன் 8,000-இல். மணலி சாலையில் கன்டெய்னர் லாரிகள் இரண்டு வரிசையாக நிற்கும்போது நடுவில் நகர்ந்து நகர்ந்து போகிறவருக்கு 8,000 சுற்றால் ஒரு பயனும் இல்லை. அங்கே 411 இரண்டாவது கியரிலேயே முக்காமல் உருளும். 450-இல் கிளட்ச் லேசாக இருக்கும், ஆனால் கியரை அடிக்கடி மாற்றவேண்டிவரும், நெரிசலில் ஃபேன் ஓடினால் சூடு காலில் அடிக்கும்.

வருடத்துக்கு 300 வேலை நாள் என்று வைத்தால் நீங்கள் மணலிக்குப் போய் வருவது 6,600 கி.மீ. ஊர்ப் பயணம் 2,400. நூற்றுக்கு எழுபத்து மூன்று கி.மீ. இந்த லாரி நெரிசலில்தான் ஓடுகிறது. உயரத்தையும் பாருங்கள். 411-இன் சீட் 800 மி.மீ., 450-இன் சீட் 825. தாழ்வான சீட்டைத் தனியாக வாங்கினால் 805 வரை இறங்கும். பின்னால் மனைவியும் பையும் இருக்க, சரிவான ரோட்டோரத்தில் ஒரு காலை ஊன்றி இருநூறு கிலோ வண்டியைத் தாங்கவேண்டியிருக்கும். உங்கள் உயரத்துக்கு அந்த 25 மி.மீ. பெரிய விஷயம்.

நெடுஞ்சாலையில் கதை வேறு, அதை மறைக்கக்கூடாது. 199 கிலோ வண்டி, நீங்கள் இருவர் 135, பை 20, மொத்தம் 354 கிலோ. 411-இல் ஒரு குதிரைத்திறன் 14.6 கிலோவை இழுக்கிறது. 450-இன் எடை 196, அதில் ஒன்றுக்கு 9 கிலோகூட வராது. கும்மிடிப்பூண்டி தாண்டி நெல்லூர் நோக்கிப் போகும்போது 411 எண்பத்தைந்து, தொண்ணூறில் நாள் முழுக்கச் சுகமாகப் போகும். நூறைத் தாண்டினால் அதிர்வு கைப்பிடியில் தெரியும், அந்த வேகத்தில் ஒரு டேங்கர் லாரியை முந்த மேற்கொண்டு இழுவை மிச்சமிருக்காது. 450 நூற்றுப்பத்திலும் பதறாது. ஒரே நாளில் விசாகப்பட்டினம் தொடவேண்டும் என்கிற ஆசை உள்ளவர் என்றால் இதற்கு மேல் படிக்காமல் 450-ஐ எடுத்துவிடுங்கள். ஏலகிரி, கொல்லிமலை மாதிரி வளைவுச் சாலைகளுக்கு 411 தாராளம்.

டியூப்லெஸ் பற்றிக் கேட்டீர்கள். 2024 ஜூனில் நம் ஊரில் விற்ற இரண்டு ஹிமாலயனிலும் ஸ்போக் சக்கரம், உள்ளே டியூப்தான். அவற்றில் எதை வாங்கினாலும் 21 அங்குல முன் டியூப் ஒன்றும் 17 அங்குலப் பின் டியூப் ஒன்றும் பையில் இருக்கட்டும். 21 அங்குலம் சின்ன ஊர்ப் பஞ்சர் கடையில் கிடைக்காது.

உதிரிபாகம் பற்றி நண்பர்கள் சொன்னது சரி, ஆனால் காரணம் வேறு. திருவொற்றியூர் தொழிற்சாலை 1955-இலிருந்து இருக்கிறது என்பதற்காக ஒரு மாடலின் பாகம் கிடைத்துவிடாது. 2016-இலிருந்து ஏழு வருடம் 411 விற்றிருக்கிறது, அதே எஞ்சினோடு ஸ்கிராம் 411 2024-இலும் விற்பனையில் இருந்தது. அதனால்தான் பயம் இல்லை. உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் எது இல்லாவிட்டாலும் இதற்கு ஒரு வழி இருக்கும். 411-இன் ஆக்ஸிலேட்டர் கேபிளில் இயங்குவது. தெருமுனை மெக்கானிக் கைவைக்க முடியும். 450-இல் அது மின்னணு, கோளாறு வந்தால் கணினி மாட்டித்தான் பார்க்கவேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும், அந்த ஒரு வண்டியைப் பார்க்காமல் எடுங்கள் என்று சொல்லமாட்டேன். 2023 ஜூலையில் செய்த வண்டி 2023 டிசம்பரில் எங்கே நின்றது? இதைத்தான் முதலில் கேளுங்கள். மிக்ஜாம் புயல் மழையில் வியாசர்பாடி, கொடுங்கையூர், மணலி, எர்ணாவூர் எல்லாம் நாள்கணக்கில் தண்ணீரில் கிடந்தன. எண்ணூர்ப் பக்கம் அதில் எண்ணெயும் கலந்தது. ஷோரூம் மேடான இடத்தில் இருக்கும், ஆனால் ஸ்டாக் வண்டி நிற்கிற கிடங்கு தாழ்வான இடத்தில் இருக்கலாம். தண்ணீரில் நின்ற வண்டியைக் கழுவி மெழுகு போட்டால் வெளியே ஒன்றும் தெரியாது.

எனவே சீட்டையும் பக்கவாட்டு மூடிகளையும் கழற்றச் சொல்லுங்கள். மறுத்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். பேட்டரித் தட்டின் அடியில், சேஸிஸ் மடிப்புகளில் விரலை விட்டுப் பாருங்கள். கழுவும் தண்ணீர் அங்கே போகாது, வண்டல் அப்படியே காய்ந்து கிடக்கும். ஒயர் இணைப்புகளில் இரண்டைப் பிரித்துப் பாருங்கள், ஃபியூஸ் பெட்டியையும் திறந்து பாருங்கள். செம்பில் பச்சைக் களிம்பு இருந்தால் அந்த வண்டி வேண்டவே வேண்டாம். இன்றைக்கு ஓடும், அடுத்த மழைக்காலத்தில் ஒவ்வொரு சென்சாராகத் தகராறு பண்ணும், எது என்று கண்டுபிடிக்கவே பணம் போகும். ஏர் ஃபில்டரில் அலையலையாகக் கறை இருக்கிறதா, ஹெட்லைட்டின் உள்ளே கோடு தெரிகிறதா என்று பாருங்கள். எஞ்சினின் ஆயில் கண்ணாடியில் ஆயில் பால் விட்ட டீ நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

வெள்ளம் படாவிட்டாலும் கடல் காற்று விடாது. முன் ஃபோர்க்கில் ரப்பர் உறை இருக்கும், அதை மேலே தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் தங்கிக் குழாயில் துருப்புள்ளி விழுந்திருந்தால் அது ஆயில் சீலை அறுத்துக்கொண்டே இருக்கும், சீல் மாற்றிப் பயனில்லை. பிரேக் டிஸ்க்கில் மேலாகப் படிந்த துரு பத்து முறை பிரேக் பிடித்தால் போய்விடும், அதற்குப் பயப்படவேண்டாம். ஆனால் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, ஒருவர் பின்பக்கத்தை அழுத்த, முன் சக்கரத்தைச் சுழற்றிப் பாருங்கள். பிரேக் உரசி நின்றால் காலிப்பர் பின் இறுகியிருக்கிறது. அதே நிலையில் ஹேண்டில்பாரை மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் ‘டொக்’ என்று ஒரு பள்ளத்தில் விழுவது போலிருந்தால் பால்ரேஸ் போய்விட்டது. 411-க்கு இது தெரிந்த பலவீனம், ஓடாத வண்டியில் கிரீஸ் காய்ந்து இன்னும் சீக்கிரம் வரும்.

ஒரு மல்டிமீட்டர் கொண்டுபோங்கள். ஸ்டார்ட் செய்யும் முன் பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்கவேண்டும், 12.4 பரவாயில்லை. 12-க்குக் கீழே என்றால் தகட்டில் சல்ஃபேட் படிந்திருக்கும், சார்ஜ் ஏற்றிக் காட்டினாலும் நிற்காது, புதுப் பேட்டரி போட்டுத் தரச் சொல்லுங்கள். டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வார்னிஷ் வாசனை அடித்தால் பெட்ரோல் கெட்டுப்போயிருக்கிறது. இப்போதைய பெட்ரோலில் எத்தனால் இருப்பதால் அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், தண்ணீர் அடியில் தங்கி டேங்கையும் பம்பையும் அரிக்கும். அந்தப் பெட்ரோலிலேயே ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வராதீர்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2623 என்றால் 2023-இன் 26-ஆவது வாரம். வண்டிக்கும் டயருக்கும் தேதி ஒத்துப்போகவேண்டும்.

காகிதத்தில் இரண்டு விஷயம். படிவம் 21 என்கிற விற்பனைச் சான்றில் தயாரிப்பு மாதமும் வருடமும் இருக்கும், அது விற்பனையாளர் சொன்னதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். வண்டி யார் பெயரிலும் முன்பே பதிவாகவில்லை, வாரண்டி உங்கள் பில் தேதியிலிருந்து தொடங்கும் என்று எழுதி வாங்குங்கள்.

450 எடுப்பதாக முடிவானால் உங்கள் வழித்தடத்துக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. மணலி, எண்ணூர்ச் சாலைத் தூசியும் சாம்பலும் ரேடியேட்டர் இதழ்களில் அடைத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கம் நோக்கி மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். வாட்டர் வாஷ் அழுத்தம் இதழை மடக்கிவிடும். கூலன்ட் குறைந்தால் குழாய்த் தண்ணீர் ஊற்றக்கூடாது.

என் தீர்ப்பு 411. உங்கள் வேலைக்கும் உயரத்துக்கும் பயண வேகத்துக்கும் அதுதான் பொருந்துகிறது. மேலே சொன்ன வெள்ளச் சோதனையில் ஒரு இடத்தில் தவறினாலும் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். பிறகு 450-ஐப் பாருங்கள், அல்லது வேறு ஷோரூமில் மிச்சமிருக்கும் 411-ஐத் தேடுங்கள்.

ஆடி வரை பொறுப்பதைப் பற்றி. பொறுத்தால் விலை குறையக்கூடும், ஆடியில் வண்டி எடுக்க வருகிறவர்கள் குறைவு. ஆனால் அந்த வண்டிக்கு ஜூலையோடு ஒரு வயது முடிகிறது. தேய்மானம் 15-இலிருந்து 20 சதவீதத்துக்குப் போய்விடும், மேலும் 10,800 ரூபாய். அன்றைக்கு இதே 34,000 தள்ளுபடி உங்களுக்கு 6,400 நஷ்டம். ஆகவே இப்போதே எடுப்பதானால் 34,000 சரி, புதுப் பேட்டரியையும் அவர்களே போட்டுத் தரட்டும். ஆடியில் போனால் 45,000-க்குக் குறைந்து பேச்சை முடிக்காதீர்கள். போகும்போது இந்தத் தேய்மானக் கணக்கை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.