பெரியப்பா விட்டுச் சென்ற பெட்டியில் வாசகம் எழுதிய பழைய அமெரிக்க பேட்ஜ்கள் நாற்பது இருக்கின்றன. விலை போகுமா, தூக்கிப் போட்டுவிடலாமா?

தூக்கிப் போடாதீர்கள். அதைவிட முக்கியம், தயவுசெய்து கழுவாதீர்கள். மீதியை நேரம் கிடைக்கும்போது படித்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பா 1970களில் மிச்சிகன் போய் வேலை பார்த்தவர் என்றும், மஞ்சள் ஸ்மைலி நாலைந்தும் சிவப்பில் 'வின்' என்று எழுதியது இரண்டும் பெட்டியில் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் யாரோ "இந்தத் தகரத்தை எதுக்கு வெச்சுக்கிட்டு" என்று சொல்லியிருப்பார்கள். அதனால்தான் இங்கே வந்து கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த வார்த்தை எனக்கும் நன்றாகப் பழக்கம்.

நான் வியாபாரி இல்லை. பத்தொன்பது வருஷமாக நியூ ஜெர்சியில் இருக்கிறேன், பன்னிரண்டு வருஷமாக இந்த பேட்ஜ்களைச் சேர்க்கிறேன். "காசைக் கரியாக்குகிறார்" என்று பின்னூட்டம் போடப்போகிறவர்களுக்கு முன்பே சொல்கிறேன்: என்னிடம் இருக்கும் முந்நூற்றுச் சொச்சத்தில் பெரும்பாலானவை ஒரு காப்பி விலைக்கு வாங்கியவை. தபால்தலை சேர்ப்பவரை அறிவாளி என்பார்கள், பேட்ஜ் சேர்ப்பவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். இது ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஆரம்பித்தது லாம்பர்ட்வில் பழம்பொருள் சந்தையில். டெலவேர் ஆற்றங்கரை ஊர். விடியற்காலையிலேயே மேசை போட்டுவிடுவார்கள். ஒரு பெரியவர் பிஸ்கட் டின் ஒன்றை பதினைந்து டாலருக்குக் கொடுத்தார். உள்ளே அறுபது பேட்ஜ் இருந்தது. அதில் ஒன்று நம் பழைய நாலணாவைவிடக் கொஞ்சம்தான் பெரியது, முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல். மஞ்சள் தரையில் கறுப்பு எழுத்தில் 'ஓ யூ கிட்!'. திருப்பிப் பார்த்தேன். குழிவான பின்பக்கத்தில் வட்டமாக ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. எறும்பு எழுத்தில் 'வொய்ட்ஹெட் அண்ட் ஹோக், நெவார்க்' என்றும் காப்புரிமைத் தேதிகளும் அதில் இருந்தன. நெவார்க் நான் தினமும் ரயிலில் கடக்கும் ஊர். அந்த இடத்திலேயே மாட்டிக்கொண்டேன்.

அந்தக் கம்பெனிதான் இந்த பேட்ஜை உலகத்துக்குக் கொடுத்தது என்றே சொல்லலாம். அச்சடித்த காகிதத்தின் மேல் செல்லுலாய்டு என்ற பழைய வகை பிளாஸ்டிக்கில் செய்த மெல்லிய தாளை வைத்து, இரண்டையும் தகரத் தட்டின் மேல் அழுத்தி, விளிம்பை மடித்து, பின்னால் ஒரு வளையத்தைப் போட்டு இறுக்குவார்கள். வளைத்த ஒற்றைக் கம்பி அந்தக் குழிக்குள் தன் விறைப்பிலேயே நிற்கும். 1896-இல் காப்புரிமை வாங்கினார்கள். அதே வருஷம் மெக்கின்லிக்கும் பிரையனுக்கும் நடந்த அதிபர் தேர்தலில் லட்சக்கணக்கில் அடித்துத் தள்ளினார்கள். அதற்குமுன் கட்சிச் சின்னத்தை நெஞ்சில் குத்த உலோக வார்ப்போ, ரிப்பனோ, படம் பதித்த செலவு பிடித்த வேலையோ வேண்டும். இது வந்ததும் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்றாகிவிட்டது. சிகரெட் கம்பெனியும் சூயிங்கம் கம்பெனியும் பாக்கெட்டோடு இலவசமாகக் கொடுத்தன. நெவார்க் கம்பெனி 1959-இல் கைமாறிப் போய்விட்டது.

'ஓ யூ கிட்' 1909 வாக்கில் அமெரிக்காவின் தெருவெல்லாம் கேட்ட வார்த்தை, வாலிபர்கள் பெண்களைப் பார்த்துச் சீண்டுவது. அதை ஒருவன் சட்டையில் குத்திக்கொண்டு வீதியில் நடந்திருக்கிறான். 'ஐ ஆம் ஃப்ரம் மிசௌரி, ஷோ மீ' என்று இன்னொன்று. மிசௌரி மாநிலத்து நாடாளுமன்ற உறுப்பினர் வில்லார்ட் வாண்டிவர் 1899-இல் ஃபிலடெல்ஃபியாவில் பேசிய பேச்சால் பரவியது. வாய்ஜாலம் எங்களிடம் எடுபடாது, கண்ணில் காட்டு, நம்புகிறேன் என்பது அதன் பொருள். நாம் கண்ணால் காண்பதும் பொய் என்று சொல்லி வளர்ந்தவர்கள். அதனாலேயே எனக்கு அந்த பேட்ஜ் பிடிக்கும்.

ஒருத்தர் நெஞ்சில் குத்திக்கொண்டு வெளியே போகத் துணிந்த வார்த்தை என்பதுதான் இவற்றின் மதிப்பு என்று நான் நினைக்கிறேன். புத்தகத்தில் இருப்பது எழுத்தாளர் நினைத்தது. பேட்ஜில் இருப்பது சாதாரண ஆள் நாலு பேர் பார்க்கச் சொன்னது. அசிங்கமானதும் உண்டு. 1940-இல் அதிபர் ரூஸ்வெல்ட் மூன்றாம் முறை தேர்தலில் நின்றபோது எதிர்த்து நின்ற வில்க்கியின் ஆட்கள் விதவிதமாக பேட்ஜ் அடித்தார்கள். 'எங்களுக்கு எலினாரும் வேண்டாம்' என்று ஒன்று. எலினார் என்பவர் அந்த ரூஸ்வெல்ட்டின் மனைவி, தேர்தலில் நிற்காதவர். அது என்னிடம் இருக்கிறது. தொடும்போதெல்லாம் கோபம் வரும். ஆனால் அதைத் தூக்கிப் போட்டால் அந்தக் காலத்து மனிதர்கள் ரொம்ப நாகரிகமானவர்கள் என்று நம்ப ஆரம்பித்துவிடுவோம்.

சரி, உங்கள் பெட்டிக்கு வருகிறேன். 'வின்' என்பது 'விப் இன்ஃப்ளேஷன் நௌ' என்பதன் சுருக்கம். விலைவாசியை அடித்து விரட்டுவோம் என்று அதிபர் ஃபோர்டு 1974 அக்டோபரில் தொடங்கிய இயக்கம். மக்கள் சிக்கனமாக இருந்தால் விலைவாசி இறங்கிவிடும் என்று நம்பச் சொன்னார்கள். இறங்கவில்லை. வெறுத்துப்போன ஜனம் அதே பேட்ஜைத் தலைகீழாகக் குத்திக்கொண்டது. ஆங்கிலத்தில் அந்த மூன்று எழுத்தையும் கவிழ்த்தால் 'நிம்' என்று வரும், அதற்கு 'நோ இமீடியட் மிரக்கிள்ஸ்', அதாவது உடனடி அற்புதங்கள் எதுவும் இல்லை என்று விளக்கம் சொன்னார்கள். உங்கள் பெரியப்பா எப்படிக் குத்திக்கொண்டிருந்தார் என்று தெரிந்த யாராவது வீட்டில் இருந்தால் இன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள்.

ஸ்மைலியை வரைந்தவர் ஹார்வி பால், மாசசூசெட்ஸில் வூஸ்டர் ஊர்க்காரர். ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி தன் ஊழியர்கள் மனம் சோர்ந்து கிடக்கிறார்கள் என்று 1963-இல் அவரிடம் கேட்டது. கொடுத்த கூலி 45 டாலர். முதலில் அடித்தது நூறு பேட்ஜ். உரிமை எதுவும் அவர் பதியவில்லை. பிறகு ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த, ஸ்பெயின் என்ற குடும்பப் பெயர் கொண்ட சகோதரர்கள் அந்த முகத்தோடு ஒரு வாழ்த்து வாசகத்தைச் சேர்த்தார்கள். 1972-க்குள் ஐந்து கோடி பேட்ஜ் விற்றதாகச் சொல்வார்கள். ஆகவே பணம்தான் கேள்வி என்றால், உங்கள் ஸ்மைலிகளும் வின்னும் சில டாலர்களுக்குமேல் போகாது. எதை நிறைய அடித்தார்களோ அது நிறைய மிஞ்சியிருக்கும், அவ்வளவுதான் கணக்கு. 1920 அதிபர் தேர்தலில் தோற்ற காக்ஸும், அவருடைய துணை அதிபர் வேட்பாளராக நின்ற இளம் ரூஸ்வெல்ட்டும் சேர்ந்திருக்கும் பேட்ஜ் பல்லாயிரம் டாலர் போகிறதென்றால், கட்சியிடம் காசில்லாமல் கொஞ்சமாக அடித்ததுதான் காரணம்.

ஏமாந்ததையும் சொல்கிறேன். இணையத்தில் ஒருவரிடம் 1896 மெக்கின்லி என்று 60 டாலர் கொடுத்து வாங்கினேன். எழுத்து பளபள, பின்பக்கம் பளபள. எனக்கு அப்போதே உறுத்தியிருக்க வேண்டும். சேகரிப்பாளர்கள் கூடும் இடத்தில் ஒரு அம்மா பூதக்கண்ணாடியை விளிம்பில் வைத்துக் காட்டினார். 1972-இல் ஒரு பெட்ரோல் கம்பெனி விளம்பரத்துக்காக அடித்த நகல். இந்த மாதிரி நகல்கள் பெருகியதால்தான் 1973-இல் சட்டமே போட்டார்கள், அதற்குப்பின் அடிக்கும் அரசியல் நகல்களில் எந்த வருஷம் அடித்தது என்று பொறிக்க வேண்டும். ஆகவே விளிம்பைப் பாருங்கள். தகரத்திலேயே நேராக அச்சடித்து மேலே செல்லுலாய்டு தாள் இல்லாமல் இருக்கிறது, ஆனால் விற்பவர் 1896 என்கிறார் என்றால் வாங்காதீர்கள். அப்படி அடிக்கும் முறை 1920 வாக்கில்தான் பரவியது.

விளிம்பில் இன்னொன்றையும் தேடுங்கள். கடுகளவு நீள்வட்ட முத்திரை. அச்சுத் தொழிலாளர் சங்கத்து ஆட்கள் அடித்தது என்பதற்கு அடையாளம். அதை முதலில் பார்த்த அன்று எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. இனி எழுதுவது கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, வேண்டாதவர்கள் கடைசிப் பத்திக்குப் போகலாம்.

அப்பா அரசு ஊழியர், சங்கத்தில் பொறுப்பில் இருந்தவர். கோரிக்கை அட்டை அணிந்து வேலை பார்ப்பது, கறுப்பு பேட்ஜ் குத்திக்கொண்டு போவது எல்லாம் எங்கள் வீட்டில் வழக்கம். சட்டையில் ஊக்கு குத்திய துளை விழுந்து அம்மா திட்டுவார். ஒவ்வொரு மாநாட்டு பேட்ஜையும் அப்பா ஒரு பவுடர் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். அவர் போன பிறகு வீட்டை இடித்துக் கட்டினார்கள். டப்பா எங்கே என்று தொலைபேசியில் கேட்டேன். பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டாயிற்றாம். "நீதான் அங்க இருக்கியே, இதெல்லாம் கேட்டுக்கிட்டா இருக்க முடியும்" என்றார் அண்ணன். கட்டடத்துக்குப் பங்கு எவ்வளவு அனுப்ப வேண்டும் என்பதற்கு மட்டும் அதே வாரத்தில் மூன்று முறை அழைத்திருந்தார். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் பணம் மட்டும்தான் இருக்கிறது, ஞாபகம் இருக்காது என்று யார் இவர்களுக்குச் சொன்னது? ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தபால் செலவை நான் கொடுத்திருப்பேன். அண்ணன் படித்தால் படிக்கட்டும். ஒன்றே ஒன்று தப்பியது. அம்மாவின் மருந்துப்பையில் ஜிப் அறுந்த இடத்தில் அதைக் குத்தி வைத்திருந்தார். நீல வட்டம், எழுத்து பாதி தேய்ந்துவிட்டது.

கழுவாதீர்கள் என்று ஏன் சொன்னேன் என்றால், அந்த 'ஓ யூ கிட்'டை நான் சோப்புத் தண்ணீரில் துடைத்தேன். மேலே தாள் மூடியிருக்கிறதே, என்ன ஆகும் என்ற எண்ணம். விளிம்பு வழியே ஈரம் உள்ளே போய், மூன்றே நாளில் மஞ்சளில் தேநீர்க்கறை மாதிரி பழுப்புப் புள்ளிகள் பூத்துவிட்டன. அதற்கு மருந்தே கிடையாது. காய்ந்த மெல்லிய துணியால் தூசியை மட்டும் தட்டுங்கள். செல்லுலாய்டு சுலபத்தில் தீப்பிடிக்கும், சூடு காட்டிச் சோதிக்கிறேன் என்று இறங்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்தால் செல்லுலாய்டிலிருந்து வரும் ஆவியே பேட்ஜைக் கெடுக்கும். அட்டைப்பெட்டி போதும். நீங்கள் சென்னையில் இருந்தால் ஈரம் உறிஞ்சும் சிலிகா பாக்கெட் ஒன்றையும் போடுங்கள். கம்பியில் துரு பிடித்ததை மற்றவற்றோடு சேர்க்காமல் தனியே வையுங்கள். நாற்பதையும் முன்னும் பின்னும் விளிம்பும் தெரியும்படி படம் எடுத்துப் போடுங்கள், எனக்குத் தெரிந்தவரை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.