மாவடு கொழகொழத்துவிட்டதா? ஜாடியில் உப்பைக் குறைக்காதீர்கள்

கேள்வி: கணவருக்கு ரத்த அழுத்தம் இருப்பதால், இந்த முறை 1 கிலோ மாவடுவுக்கு 75 கிராம் கல் உப்புதான் போட்டேன். வாசலில் வந்தவரிடம் வாங்கிய வடு. காம்பெல்லாம் கிள்ளிச் சுத்தமாகக் கொடுத்தார். பதினைந்து நாளில் தண்ணீர் கலங்கி, மேலே வெள்ளையாக ஏடு படிந்திருக்கிறது. சில வடு கொழகொழவென்று இருக்கிறது. இன்னும் காரம் சேர்க்கவில்லை. வினிகர் ஊற்றச் சொல்கிறார்கள், மொத்தமாகக் கொதிக்க வைக்கச் சொல்கிறார்கள். எதைச் செய்ய?
– கும்பகோணம் வாசகி

பதில்: இரண்டுமே வேண்டாம். வடுவைக் கொதிக்க வைத்தால் வெந்து குழைந்துவிடும். வினிகர் ஊற்றினால் இருக்கிற உப்பும் நீர்த்துப்போகும். புளிப்பு வடுவிலேயே வேண்டியமட்டும் இருக்கிறது. உங்கள் ஜாடியில் குறைவது உப்பு மட்டும்தான்.

வடுவில் பெரும்பகுதி தண்ணீர். 75 கிராம் உப்பு அதை வெளியே இழுத்துக் கரைந்த பிறகு, மொத்த எடையில் ஏறக்குறைய 7 சதவீதம்தான் நிற்கும். அந்த அளவில் கிருமிகள் சௌகரியமாக வளர்ந்து வடுவின் சதையை இளக்கிவிடும். 130 முதல் 150 கிராம் போட்டால் 12, 13 சதவீதம் வரும். அங்கே அவற்றால் எளிதில் தலைதூக்க முடியாது. உப்புநீரில் போட்டு விற்கும் ஊறுகாயில் 10 சதவீதத்துக்குக் குறையாமல் உப்பு இருக்க வேண்டும் என்று 2011 உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளே சொல்கின்றன. விதி இருக்கிறது, சரி. பிளாஸ்டிக் வாளியிலிருந்து கரண்டியால் அள்ளி விற்கிறார்களே, அதை யார் அளந்து பார்க்கிறார்கள்? லேபிள் ஒட்டியவருக்குத்தான் சட்டமெல்லாம்.

இப்போது ஜாடியைக் காப்பாற்றும் வழி. ஏட்டை வழித்து எறியுங்கள். ஈரமில்லாத கரண்டியால் வடுக்களை எடுத்து, ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருப்பது ஒரு பக்கம். லேசாக இளகியிருந்தாலும் நல்ல வாசனையோடு இருப்பதை ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்; அது மறுபடி கெட்டிப்படாது. வழுவழுத்தது, உள்ளே கூடானது, நாற்றமடிப்பது மூன்றும் குப்பைக்கு. தண்ணீரைத் துணியில் வடிகட்டி, எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, கூடுதலாக 65 முதல் 70 கிராம் கல் உப்பு சேர்த்து ஐந்து நிமிடம் தளதளவென்று கொதிக்க விடுங்கள். அலுமினியம் வேண்டாம், புளிப்பும் உப்பும் சேர்ந்து அதை அரிக்கும். நுரையை எடுத்துவிட்டு, மறுநாள் காலை வரை ஆற விடுங்கள். வெதுவெதுப்பாக ஊற்றினால்கூட வடு தளர்ந்துவிடும். ஜாடியை வெந்நீரில் கழுவி வெயிலில் காயவைத்து, கெட்டி வடுவைப் போட்டு, தண்ணீர் மூழ்க ஊற்றி, மேலே மிதக்காமல் ஒரு சின்னப் பீங்கான் தட்டைக் கவிழ்த்து வையுங்கள். தண்ணீர் போதாவிட்டால் 100 மில்லிக்கு 15 கிராம் உப்பு போட்டுக் கொதிக்கவைத்து ஆற்றிச் சேர்க்கலாம். காரம் போடாமல் இருந்தது நல்லதாயிற்று. மிளகாய்த்தூளும் கடுகுத்தூளும் கலந்த பிறகு இந்த வேலை நடக்காது.

பூசணம் பிடித்தால் ஜாடியோடு கொட்ட வேண்டும் என்பதில் மாற்றமில்லை. ஆனால் உங்கள் வெள்ளை ஏடு பூசணமாக இருக்க வேண்டியதில்லை. இதில்தான் பலர் நல்ல வடுவைக் கொட்டுகிறார்கள், அல்லது கெட்டதைச் சாப்பிடுகிறார்கள். பாலாடை போல மெல்லிசாக, தட்டையாக, சில சமயம் சுருக்கம் விழுந்து, கரண்டி பட்டதும் உடைந்து மூழ்கினால் அது ஒரு வகை ஈஸ்ட். மாவு புளித்த வாசனை வரும். வழித்துவிட்டு உப்பை ஏற்றினால் போதும். பஞ்சு மாதிரி மயிர் விட்டிருந்தாலோ, பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு எதுவாவது தெரிந்தாலோ அது வேறு. மேலே வழித்தாலும் உள்ளே இறங்கியது போகாது. தண்ணீர் நூல் நூலாக இழுத்தால், ஏடு வெள்ளையாக இருந்தாலும் கொட்டிவிடுங்கள். ஜாடிக் கழுத்தில் வெள்ளையாகப் பொரிந்திருப்பது பெரும்பாலும் உப்பு. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், உப்பானால் கரையும். உப்பை ஏற்றிய பிறகும் மூன்று நாலு நாளில் மறுபடி தடிமனாக ஏடு கட்டினால், அந்த ஜாடியோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

இனி அந்த வியாபாரியின் ‘சுத்தம்’. வடு வாங்கும்போது காம்பு கால் அங்குலமாவது இருக்க வேண்டும். காம்பு பிய்ந்த இடம் திறந்த வாசல். அந்த வழியாகத்தான் முதலில் அழுகும். பறித்த வடுவில் காம்பு இருக்கும், காற்றில் உதிர்ந்து தரையில் அடிபட்டதில் பெரும்பாலும் இருக்காது. உதிர்ந்ததைப் பொறுக்கி, மிச்சக் காம்பையும் கிள்ளி, தண்ணீரில் நனைத்துப் பளபளப்பாக்கி ‘அழகர்மலை வடு’ என்று தலையில் கட்டுவது ஒவ்வொரு மாசியிலும் நடக்கிறது. ஒன்றைக் குறுக்கே நறுக்கிப் பாருங்கள்: கொட்டை கத்திக்குத் தடுக்காமல் வெட்டுப்பட வேண்டும். படிக்கணக்கில் வாங்காதீர்கள், பெரிய வடுவானால் படிக்குள் பாதி காற்றுதான். எடை தெரியாமல் உப்பின் அளவும் தெரியாது.

அடுத்தது விளக்கெண்ணெய். கிலோவுக்கு இரண்டு டீஸ்பூன் பிசிறினால் தோல் வறளாது. ஆனால் பூஜைக் கடையில் விற்கும் ‘தீப எண்ணெய்’ விளக்கெண்ணெய் அல்ல. மணம், நிறம் சேர்த்த கலவை. ‘விளக்கேற்ற மட்டும்’ என்பதைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் அளவுக்கு அச்சிடுகிறார்கள். அதே அலமாரியில் சமையல் எண்ணெயையும் அடுக்கி வைக்கிறார்கள். உண்பதற்கானது என்று போட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள்.

கெட்டிப்பட சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றச் சொல்பவர்களையும் நம்ப வேண்டாம். சுண்ணாம்பு புளிப்பை முறிக்கும். புளிப்புதான் பாதிக் காவல். ஊறுகாய் கெடாமலிருக்க ‘ஒரு சிட்டிகை சோடியம் பென்சோயேட்’ என்று கடைக்காரர் நீட்டும் ரசாயனப் பொடியும் அப்படியே. கிலோவுக்குக் கால் கிராம் என்ற கணக்கில் சேர்க்கும் பொருளை எந்த வீட்டுத் தராசில் நிறுப்பது?

கணவரின் ரத்த அழுத்தத்துக்கு வருவோம். உப்பைக் குறைக்க வேண்டியது தட்டில். 10 கிராம் வடு ஒன்றில் ஒரு கிராமுக்கு மேல் உப்பு இருக்கும். உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாகச் சொல்கிறது. அதில் கால் பங்கு அந்த ஒரு வடுவிலேயே போய்விடும். மருத்துவர் ஊறுகாயே கூடாது என்றிருந்தால் அதில் பேச்சுக்கு இடமில்லை. கொஞ்சம் அனுமதித்திருந்தால், பாதி வடுவை நறுக்கி அரை மணி நேரம் குடிநீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொடுங்கள். உப்பில் ஒரு பகுதி இறங்கிவிடும். மிஞ்சியதைத் திரும்ப ஜாடியில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.