வலை அடைப்பதைக் கவனிக்கும் பையன்

போன வாரம் நாமக்கல் பக்கத்திலிருந்து ஓர் அம்மா, அப்பா, பிளஸ் டூ முடித்த மகன் மூவரும், அடுத்து என்ன படிக்கலாம் என்று யோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தார்கள். அப்பா கிரஷரிலிருந்து ஜல்லி ஏற்றும் டிப்பர் வைத்திருக்கிறார். மாமாவும் சித்தப்பாவும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள்: மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ். அதற்காக இருக்கிற ஒன்றரை ஏக்கரை அடமானம் வைக்கப் பேச்சு. “சீட் போயிடுமோ சார்” என்று அம்மா அழாத குறை.

தண்ணீர் கொடுத்து, பதறாதீர்கள் என்றேன். சமாதானம் அதோடு முடிந்தது. நிலத்தைத் தொடாதீர்கள், அந்தக் கடனைக் கட்ட மாமா வரமாட்டார் என்று அடுத்த வாக்கியமே சொல்லிவிட்டேன்.

பையனிடம், லீவில் என்ன செய்வாய் என்று கேட்டேன். அப்பாவோடு கிரஷருக்குப் போய்ச் சலிக்கிற மெஷினைப் பார்த்துக்கொண்டு நிற்பானாம். “மழை பெஞ்சா வலை அடைச்சுக்கும் சார். எல்லாம் கலந்தே வரும்.” ஏன் அடைக்கிறது என்றேன். அரை மணி நேரம் நிறுத்தவில்லை.

அவன் பேசியதே ஒரு தனித் தொழில். அதிரும் சல்லடையில் எந்த வலை போடுவது என்று தீர்மானிப்பதற்கு ஆள் வேண்டும். கம்பி வலை மலிவு. பரப்பில் பெரும்பகுதி ஓட்டை என்பதால் நிறையச் சலிக்கும். ஆனால் கருங்கல் உரசிச் சீக்கிரம் தேய்ந்துவிடும். பாலியூரித்தேன் என்ற ரப்பர் மாதிரியான பிளாஸ்டிக்கில் செய்த பேனல் பல மடங்கு உழைக்கும், தண்ணீர் விட்டுக் கழுவும் சல்லடைக்கு ரொம்பப் பொருத்தம். என்ன, ஓட்டைகளுக்கு நடுவே தடிமன் வேண்டியிருப்பதால் திறப்பு குறையும், மணிக்கு இறங்கும் டன்னும் குறையும். பெரிய கல் வந்து விழும் மேல்தட்டுக்கு ரப்பரோ துளையிட்ட இரும்புத் தகடோதான் தாங்கும். ஈரத் தூளுக்கென்றே, கம்பிகள் தனித்தனியாக அதிர்ந்து தூளை உதறிவிடும் வலை இருக்கிறது.

அடைப்பிலும் இரண்டு வகை. ஓட்டை அளவுக்கே உள்ள கல் சிக்கிக்கொள்வது ஒன்று, ஈரத் தூள் அப்பிக்கொள்வது இன்னொன்று. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. அது தெரியாமல் மாற்றி மாற்றி வலை வாங்கும் முதலாளிகள் உண்டு. கம்பி வலையைச் சரியாக இறுக்கிக் கட்டாவிட்டால், தேய்வதற்கு முன்பே துள்ளித் துள்ளி ஒடிந்துவிடும். கல்லை உடைத்துச் செய்யும் மணலான எம்-சாண்டுக்குத் துகள் 4.75 மி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. சரிவாக நிற்கும் சல்லடையில் அதே 4.75 ஓட்டையைப் போட்டால், மேலிருந்து விழும் துகளுக்கு அது இன்னும் சின்ன ஓட்டை. இந்தக் கணக்கைப் போட ஆள் வேண்டுமா, வேண்டாமா? சத்தீஸ்கரில் பைலடிலாவின் இரும்புத் தாது, ஜார்க்கண்டின் நிலக்கரி என்று எங்கே போனாலும் சலிக்காமல் ஒன்றும் நகராது.

படிப்புக்குச் செலவு அதிகமில்லை. பிளஸ் டூவில் அதற்கான பாடங்கள் படித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அரசு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் போதும். வலை, பேனல் தயாரிக்கிறவர்களிடம் சர்வீஸ் வேலையில் தொடங்கலாம். அப்புறம் மேலே படிக்க ஆசை வந்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நுழைய வழி இருக்கிறது. கட்-ஆஃப் கைகொடுத்தால் கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் மைனிங், அதாவது சுரங்கப் பொறியியல், பாருங்கள். மேனேஜ்மென்ட் கோட்டா மட்டும் வேண்டாம்.

“புழுதி சார்” என்றார் அம்மா. நியாயமான பயம், அதை நான் மறுக்கவில்லை. கல் தூளில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலைக் கெடுக்கும். முகமூடி இல்லாமல் அவன் இனிமேல் அங்கே நிற்கக் கூடாது, வேலைக்குப் போனாலும் தண்ணீர் தெளிக்காத இடத்தில் சேரக் கூடாது என்று பையனிடமே கண்டிப்பாகச் சொன்னேன்.

ஒரு நோட்டும் கொடுத்தனுப்பினேன். எந்த வலை எத்தனை நாள் உழைத்தது, எங்கே கிழிந்தது, அன்றைக்கு மழையா வெயிலா என்று ஒரு மாதம் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். வரும்போது மாமாவையும் கூட்டி வரட்டும்.