கணினி கேள்வி–பதில்: கேப்பிட்டலா, ஸ்மாலா?

கே: மாட்டுத்தாவணியில் கிளம்பும் வண்டிகளின் தடம் எண்ணையும் நேரத்தையும் காட்ட, ஜாவாவில் 'பஸ்' என்ற கிளாஸில் டுஸ்ட்ரிங் (toString, ஆப்ஜெக்டை எழுத்தாகத் தரும்) மெத்தட் எழுதினேன். எர்ரர் வரவில்லை. ஆனால் பிரிண்ட் செய்தால் கிளாஸ் பெயர், அட் குறி, பிறகு ஏதோ எண்ணும் எழுத்தும் வருகின்றன. ஏன்?
– கல்லூரி மாணவி, மேலூர்

ப: டுஸ்ட்ரிங்கில் நடுவே வரும் எஸ் கேப்பிட்டலாக இருக்க வேண்டும். நீங்கள் ஸ்மாலாக அடித்திருப்பீர்கள். கணினிக்குக் கேப்பிட்டல் எஸ் 83, ஸ்மால் எஸ் 115. அதனால் ஜாவாவுக்கு இவை இரண்டு வேறு பெயர்கள். நீங்கள் எழுதியது யாருமே கூப்பிடாத புது மெத்தட் ஆகிவிட்டது. பிரிண்ட் கூப்பிடுவது ஆப்ஜெக்ட் கிளாஸில் ஏற்கெனவே இருப்பதை. அது கிளாஸ் பெயரையும் ஹாஷ்கோடையும்தான் (ஆப்ஜெக்டுக்கான ஓர் எண்) காட்டும்.

இல்லாத பெயரைக் கூப்பிட்டால் கம்பைலர் உடனே பிடித்துவிடும். புதிதாக எழுதும்போது தவறினால் பிடிக்காது, அதுதான் ஆபத்து. மெத்தடுக்கு மேல் வரியில் அட் குறியோடு 'ஓவர்ரைடு' என்று கட்டாயம் போடுங்கள் (அதில் ஓ மட்டும் கேப்பிட்டல்). பெயர் பொருந்தாவிட்டால் கம்பைல் ஆகாது. அந்த எண்ணைத் தரும் ஹாஷ்கோடு (hashCode) மெத்தடில் சி-யை ஸ்மாலாக விட்டால் இன்னும் மோசம்: இரண்டும் ஒன்றா என்று பார்க்கும் ஈக்வல்ஸ் மெத்தட் சரியாக இருந்தாலும், ஒன்றை ஒரு தடவை மட்டுமே வைக்க வேண்டிய ஹாஷ்செட் தொகுப்பில் ஒரே பஸ் இரண்டு தடவை ஏறிவிடும். பைத்தானிலோ, தவறான பெயர் உள்ள வரி ஓடும்போதுதான் எர்ரர் வரும். எப்போதாவது ஓடும் வரி என்றால் மாதக்கணக்கில் தெரியாது.

கே: வீட்டு விண்டோஸில் ஓடும் பிஎச்பி புராஜெக்ட், சர்வரில் ஏற்றியதும் 'கிளாஸ் கிடைக்கவில்லை' என்கிறது. கேப்பிட்டல், ஸ்மால் பிஎச்பிக்கு ஒன்றுதானே?
– வாசகர், உசிலம்பட்டி

ப: மெத்தட், ஃபங்ஷன், கிளாஸ் பெயர்களுக்கு ஒன்றுதான், வேரியபிளுக்கு அல்ல. உங்கள் சிக்கல் ஃபைல் பெயரில். கிளாஸ் ஃபைலைத் தானாக ஏற்றும் ஆட்டோலோடு, கிளாஸ் பெயரை வைத்தே ஃபைலைத் தேடுகிறது. விண்டோஸ் வழக்கமாகக் கேப்பிட்டல், ஸ்மால் பார்க்காது. லினக்ஸ் சர்வர் பார்க்கும்.

ஃபைல் பெயரைக் கிளாஸ் பெயர்போலவே எழுத்துக்கு எழுத்து மாற்றுங்கள். கிட் (ஃபைல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருள்) பயன்படுத்தினால், விண்டோஸில் நேரடியாகப் பெயர் மாற்றுவதைப் பெரும்பாலும் அது கவனிக்காது. 'கிட் எம்வி' கட்டளையால் முதலில் வேறொரு பெயருக்கும், அதிலிருந்து சரியான பெயருக்கும் மாற்றி, கமிட் செய்யுங்கள். ஏற்றுவதற்கு முன் 'கிட் எல்எஸ்-ஃபைல்ஸ்' கொடுத்து, பெயர் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். ஃபோல்டர் பெயர்களையும் விட்டுவிடாதீர்கள்.