பழைய ஆங்கிலப் பத்திரங்களில் வரும் 'தேர்-ஆஃப்', 'ஹியர்-பை', 'வேர்-இன்' போன்ற சொற்களை எப்படிப் படித்துப் புரிந்துகொள்வது?

தாத்தா காலத்து ஆங்கிலப் பத்திரம் ஒன்று கையில் இருக்கிறது, அதில் வரிக்கு வரி இந்த மாதிரிச் சொற்கள் வருகின்றன, அகராதியைப் புரட்டாமல் பொருள் காண வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. தமிழ் இலக்கணம் கொஞ்சம் நினைவிருந்தாலே போதும்.

நான் காரைக்குடியில் பத்திர வேலை பார்க்கிறேன். சுற்று வட்டாரத்து வீடுகளில் இரும்புப் பெட்டியிலிருந்து வெளியே வரும் பழைய காகிதங்களைப் படித்துத் தமிழில் சொல்வதும் அதில் ஒரு பகுதி. பர்மா 1937 வரை பிரிட்டிஷ் இந்தியாவோடு இருந்தது. அங்கே ரங்கூனிலும், மலேயாவில் பினாங்கிலும் கடை வைத்திருந்தவர்கள் ஏஜெண்டுகளுக்கு எழுதிக் கொடுத்த பவர் பத்திரங்கள், அடமானப் பத்திரங்கள் பல ஆங்கிலத்தில்தான் இருக்கும். இன்றைக்குப் பாகப்பிரிவினை பேசும்போது அவை எல்லாம் மேசைக்கு வந்துவிடும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பள்ளிக்கூடத்தில் சுட்டெழுத்து, வினா எழுத்து படித்திருப்பீர்கள். இ என்றால் அண்மை, அ என்றால் சேய்மை, எ என்றால் வினா. இங்கு, அங்கு, எங்கு. ஆங்கிலத்தில் ஹியர், தேர், வேர். இந்தச் சொற்களில் ஹியர் என்பதை 'இது' என்றும், தேர் என்பதை 'அது' என்றும், வேர் என்பதை 'எது' என்றும் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒட்டியிருக்கும் ஆஃப், இன், பை, டு, ஆன், அண்டர் எல்லாம் நம் வேற்றுமை உருபுகளின் வேலையைச் செய்கின்றன.

தேர்-ஆஃப் என்றால் அதன். தேர்-இன் என்றால் அதில். தேர்-டு என்றால் அதற்கு. தேர்-ஆன் என்றால் அதன்மேல். ஹியர்-வித் என்றால் இதனுடன். ஹியர்-அண்டர் என்றால் இதன்கீழ். அரசாணைகளில் "சட்டமும் அதன்கீழ் இயற்றப்பட்ட விதிகளும்" என்று படித்திருப்பீர்களே, அந்த 'அதன்கீழ்' ஆங்கில மூலத்தில் தேர்-அண்டர்.

சாதாரண ஆங்கிலத்தில் 'ஆஃப் தட்', 'இன் திஸ்' என்று உருபு முன்னால் நிற்கும், பெயர் பின்னால் வரும். நமக்கு அது தலைகீழ். ஆனால் இந்தப் பழைய சொற்களில் மட்டும் சுட்டு முன்னால், உருபு பின்னால். அப்படியே தமிழ் வரிசை. ஆங்கிலம் மட்டுமே தெரிந்தவர் மனத்துக்குள் திருப்பிப் போட்டுப் படிக்க வேண்டியதை நாம் நேராகவே படிக்கலாம். எனக்கு இதில் உண்மையிலேயே பெரிய சந்தோஷம் உண்டு. யார் பத்திரத்தோடு வந்தாலும் இதைச் சொல்லாமல் அனுப்புவதில்லை.

இவை வக்கீல்கள் உண்டாக்கிய சொற்கள் அல்ல. ஒரு காலத்தில் ஆங்கிலத்தில் எல்லோரும் பேசியவை. 1611இல் வந்த ஜேம்ஸ் மன்னர் காலத்து ஆங்கில பைபிளில் 'அதன் நீளம், அதன் அகலம்' என்று சொல்ல தேர்-ஆஃப்தான் திரும்பத் திரும்ப வரும். 'இட்ஸ்' என்ற சொல் அப்போது மிகப் புதிது. ஜெர்மன்காரர்கள் இன்றும் டா-மிட், டா-ஃபோன் என்று இதே கட்டில் தினமும் பேசுகிறார்கள். ஆங்கிலத்தில் பேச்சிலிருந்து போய்விட்டது, பத்திரத்தில் தங்கிவிட்டது. நம் நாட்டிலும் 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டம் 8ஆம் பிரிவைப் பாருங்கள். நிலத்தை மாற்றிக் கொடுத்தால் அதனுடன் சேர்ந்த, வழிநடை போன்ற ஈஸ்மென்ட் உரிமைகளும் அதன் வாடகையும் வருமானமும் கூடவே போகும் என்கிறது. அங்கே 'அதனுடன்' (நேர்ப்பொருளில் 'அதற்கு') என்பது தேர்-டு, 'அதன்' என்பது தேர்-ஆஃப்.

ஒன்றைக் கவனியுங்கள். தேர்-ஆஃப் பெரும்பாலும் அஃறிணைக்குத்தான். வீடு, நிலம், கடன், பத்திரம், கம்பெனி இவற்றுக்கு வரும். ஆளுக்கு வராது. "விற்பவரும் அவருடைய வாரிசுகளும்" என்று எழுத 'ஹிஸ்' என்றுதான் போடுவார்கள். ஆகவே வரியில் ஒரு ஆளும் ஒரு சொத்தும் இருந்து, பின்னால் தேர்-ஆஃப் வந்தால், அது சொத்தைத்தான் குறிக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு சொத்து இருந்தால்தான் சிக்கல். பள்ளத்தூர்ப் பக்கமிருந்து ஒரு ஆச்சி கொண்டுவந்த பாகப்பத்திரத்தில் வீடு, தோட்டம், பிறகு 'தி வெல் தேர்-இன்' என்று இருந்தது. அதாவது, அதிலுள்ள கிணறு. எதிலுள்ள கிணறு? வீட்டின் பின்கட்டில் ஒரு கிணறு, தோட்டத்தில் ஒரு கிணறு. "தம்பி, எந்தக் கிணறுன்னு சொல்லு, மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்றார் ஆச்சி. பக்கத்தில் நிற்கும் பெயரோடு, அதாவது தோட்டத்தோடு சேர்த்துப் படிப்பதுதான் பொதுவான முறை. ஆனால் அதை மட்டும் நம்பி முடிவு சொல்லக் கூடாது. கடைசிப் பக்கத்தில் இருக்கும் ஷெட்யூலில், அதாவது சொத்து விவரப் பட்டியலில், நான்கு எல்லையும் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்தோம், தோட்டத்துக் கிணறு என்று தெளிவாகவே இருந்தது. தமிழில் 'அதிலுள்ள' என்று எழுதினாலும் இதே குழப்பம் வரும். அதனால் புதிதாகப் பத்திரம் எழுதுகிறவர்கள் "தோட்டத்திலுள்ள கிணறு" என்று பெயரைச் சொல்லியே எழுதுங்கள். ஒரு சொல் கூடினால் ஒன்றும் குறைந்துபோகாது.

அடுத்து ஹியர்-பை. 'இதனால்' என்று எடுத்தால் காரணம் சொல்வது போல ஆகிவிடும். 'இந்தப் பத்திரத்தின் மூலம்' என்பதே சரி. பவர் பத்திரத்தில் "ஐ டூ ஹியர்-பை அப்பாயிண்ட்" என்று வந்தால், நியமிக்கும் காரியத்தை அந்தக் காகிதமே அந்த இடத்திலேயே செய்கிறது. முன்பே நியமித்ததைத் தெரிவிக்கும் தகவல் அல்ல.

ஹியர்-ஆஃப்டர், ஹியர்-இன்-ஆஃப்டர் இரண்டும் ஒன்றல்ல. முன்னது காலம்: இனிமேல். பின்னது இடம்: இந்தப் பத்திரத்தில் இதற்குக் கீழே. "ஹியர்-இன்-ஆஃப்டர் விற்பவர் என்று அழைக்கப்படுபவர்" என்றால் கீழே வரும் வரிகளில் அப்படிக் குறிப்போம் என்று மட்டுமே பொருள்.

வேர் வரிசையில்தான் தமிழ் வழி கொஞ்சம் விலகும். பத்திரத்தில் வேர்-இன், வேர்-பை கேள்வி கேட்பதில்லை, முன்னால் வந்த பெயரைப் பின்னால் வரும் செய்தியோடு இணைக்கின்றன. அங்கே 'எதில்', 'எதனால்' என்று போட்டால் வாக்கியம் கெட்டுவிடும். நமக்கு அதற்குப் பெயரெச்சம் இருக்கிறது. 'தி ஹவுஸ் வேர்-இன் ஹி ரிசைட்ஸ்' என்று வந்தால் "அவர் குடியிருக்கும் வீடு" என்று முடித்துவிடுங்கள். உருபு தேவையே இல்லை. பத்திரத்தின் முடிவில் வரும் 'இன் விட்னஸ் வேர்-ஆஃப்' மட்டும் "இதற்குச் சாட்சியாக".

வேர்-ஆஸ் இந்தக் கூட்டத்தில் சேராது. பத்திரத்தின் தொடக்கத்தில் அது வரும் பத்திகள் எல்லாம் முன்கதை: சொத்து யாரிடமிருந்து வந்தது, கடன் எப்படி ஏற்பட்டது என்பவை. "நவ் திஸ் டீட் விட்னெஸத்" (இப்போது இந்தப் பத்திரம் சாட்சி சொல்வதாவது) என்ற வரி வந்த பிறகுதான் பத்திரம் செய்யும் காரியம் தொடங்குகிறது. அவசரம் என்றால் முதலில் அங்கிருந்து படியுங்கள், அப்புறம் ஷெட்யூல், முன்கதையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.