வள்ளம் கரையேறும் நேரத்தில் வகுப்பு வேண்டாம்

(தக்கலையில் யோகா வகுப்பு நடத்தும் ஆசிரியை, வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: டீச்சர், எங்களுக்குக் குளச்சல் பக்கம் கடற்கரை ஊர். மகளிர் குழுவில் நாங்கள் சிலர் சேர்ந்து, ஊருக்குப் பொதுவாக ஒரு யோகா வகுப்பு தொடங்கினோம். காலை ஐந்தரை மணிக்கு வைத்ததில் ஒரே வாரத்தில் ஆள் வரத்து நின்றுவிட்டது. "இது நம்ம மதத்துக்கு ஆகாது" என்றும் பேச்சு வருகிறது. விட்டுவிடலாமா?
– கடற்கரை வாசகி

பதில்: விடாதீர்கள், மக்களே. நேரத்தை மட்டும் மாற்றுங்கள். காலையில் வள்ளம் கரையேறும், மீன் ஏலம் போகும், பெண்கள் சுமையெடுத்துச் சந்தைக்கு ஓடுவார்கள். அந்த நேரத்தில் யார் பாய் விரிப்பார்கள்? சந்தைக்குப் போனவர்கள் திரும்பி வந்து, சமையலும் முடிந்தபின் நாலரை ஐந்து மணிக்கு வைத்துப் பாருங்கள். முழுச் சாப்பாட்டுக்குப் பின் மூன்று மணி நேரம் கழிந்திருந்தால் போதும். அதிகாலையில் செய்தால்தான் யோகா என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

ஆண்களையும் சேர்க்க நல்ல காலம் ஜூன், ஜூலை. நம் மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. விசைப்படகுக்காரர்கள் கரையில்தான் இருப்பார்கள். ஜூன் 21 சர்வதேச யோகா தினமும் அதற்குள்ளேயே வருகிறது. மழைக்காலம் என்பதால் கூரை வேண்டும். வலை பின்னும் கூடமோ பள்ளி வராந்தாவோ கேட்டு வாங்குங்கள்.

மதப் பேச்சுக்கு வருகிறேன். யோகா நம் நாட்டு ஆன்மிக மரபில் வளர்ந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் முதுகை நிமிர்த்துவதற்கும் மூச்சை நிதானமாக விடுவதற்கும் யாரும் தன் வழிபாட்டை மாற்ற வேண்டியதும் இல்லை. 2014 டிசம்பர் 11 அன்று ஐ.நா. சபையில் யோகா தினத் தீர்மானத்தை 177 நாடுகள் சேர்ந்து முன்மொழிந்தன. கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் நாடுகள் அதில் நிறைய உண்டு. இதைச் சொல்லி யாரிடமும் வாதாட வேண்டாம். பங்குத் தந்தையை நேரில் பார்த்து, என்ன செய்யப் போகிறோம் என்று காட்டுங்கள். பக்கத்தில் ஜமாஅத் இருந்தால் அங்கேயும் போங்கள். மந்திரம் சொல்லும் இடத்தில் இரண்டு நிமிடம் அமைதி போதும், அவரவர் மனதில் அவரவர் ஜெபம். சூரிய நமஸ்காரம் வேண்டாம் என்பவரை வற்புறுத்தாதீர்கள். நிமிர்ந்து நேராக நிற்கும் தாடாசனமும் நடையும் அவருக்குப் போதும்.

என்ன சொல்லிக்கொடுப்பது என்பதையும் ஊரின் உடம்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள். தலைச்சுமை எடுக்கும் பெண்களுக்குக் கழுத்தும் தோளும் இறுகியிருக்கும். வலை இழுப்பவர்களுக்குத் தோள்பட்டையும் இடுப்பும். முதல் மாதம் முழுக்க இவற்றைத் தளர்த்தும் அசைவுகளும் மூச்சுப் பயிற்சியும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தலைகீழாக நிற்பதெல்லாம் வேண்டவே வேண்டாம். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர், கண்நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா) உள்ளவர் ஆகியோருக்கு அது ஆபத்து. மூச்சை அடக்கிப் பிடிப்பதும், வேகமாக இழுத்து விடும் கபாலபாதியும் ரத்த அழுத்தக்காரர்களுக்கு ஆகாது.

இதனால்தான் முதல் நாளே அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிடச் சொல்கிறேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடுதேடி வரும் தன்னார்வலர் அக்காவை வகுப்புக்கே கூப்பிடுங்கள். பரிசோதனை நடக்கும் என்று தெரிந்தால், யோகாவுக்கு வராதவர்களும் வருவார்கள். பின்னர் கருவாடு, ஊறுகாய் பற்றிப் பேச்செடுக்கலாம். ஒரு நாளைக்கு ஒருவருக்கு உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, அதாவது ஒரு தேக்கரண்டி. கருவாடு இல்லாமல் நமக்கு முடியாது, எனக்குத் தெரியும். நன்றாக ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டுங்கள், குழம்பில் தனியாக உப்புப் போடாதீர்கள்.

கேள்வி: குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டு வேலை செய்கிறேன். இடுப்பு வலி விடவில்லை. குனிந்து காலைத் தொடும் ஆசனம் நல்லது என்கிறார்களே?

பதில்: உங்களுக்கு அது இப்போது வேண்டாம், அண்ணே. விடியுமுன் தொடங்கி மரத்துக்கு மரம் குனிந்து வெட்டுகிறீர்கள். அப்புறம் பால் வாளி சுமக்கிறீர்கள். நாள் முழுக்கக் குனிந்த முதுகை மறுபடி ஏன் குனிய வைக்க வேண்டும்? குப்புறப் படுத்து மெல்ல நெஞ்சை மட்டும் உயர்த்தும் புஜங்காசனம், ஒவ்வொரு காலாகத் தூக்கும் அர்த்த சலபாசனம், நாலு காலில் நின்று முதுகை மேலும் கீழும் வளைப்பது ஆகியவை பொருந்தும். வலி கூடினால் நிறுத்திவிடுங்கள். வலி காலுக்கு இறங்கினாலோ பாதம் மரத்துப்போனாலோ டாக்டரைப் பாருங்கள். சிறுநீர் கட்டுப்பாடு போனால் அன்றைக்கே மருத்துவமனை.

கேள்வி: மாமியாருக்குச் சர்க்கரை. மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) இல்லாமல் சாப்பிட மாட்டார். யோகாவுக்கு வெறும் வயிற்றில் அனுப்பலாமா?

பதில்: மரச்சீனி நம் பஞ்சத்தைத் தாங்கிய கிழங்கு. திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் மகாராஜா காலத்தில்தான் அது பரவலானது என்பார்கள். அதை அவரிடமிருந்து பிடுங்காதீர்கள், அளவைக் குறையுங்கள். 100 கிராம் பச்சைக் கிழங்கில் மாவுச்சத்து சுமார் 38 கிராம், புரதம் ஒன்றரை கிராம்கூட இல்லை. ஆகவே சோற்றோடு கூடுதலாக அல்ல, சோற்றுக்குப் பதிலாக நாலு துண்டு. கூடவே சாளை மீன் குழம்பு, ஒரு கீரை. வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்.

வெறும் வயிறு பற்றி: இன்சுலினோ, சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரையோ எடுப்பவர் வெறும் வயிற்றில் பயிற்சி செய்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். எந்த மாத்திரை என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள். அதுவரை ஒரு மட்டி வாழைப்பழம் கொடுத்து, அரை மணி கழித்து நடக்கச் சொல்லுங்கள். இடுப்பில் கொஞ்சம் சர்க்கரை முடிந்து வைத்திருக்கட்டும். கை நடுங்கினாலோ வியர்த்தாலோ உடனே வாயில் போட வேண்டும்.